கச்சான் தணிகிற வரை

காற்று தணியக் கூடாது, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் தணியவே கூடாது என்று தாணு வேண்டிக்கொண்டிருந்தான். யாரிடம் வேண்டுகிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. ஊர்ப் பகவதியிடமா, இந்தக் கடற்கரைக்காரர்கள் கும்பிடுகிற அந்தோணியாரிடமா, இல்லை நேரே மேற்கேயிருந்து வீசுகிற இந்தக் கச்சான் காற்றிடமேதானா? யார் காதிலாவது விழுந்திருந்தால் சிரித்து உருண்டிருப்பார்கள். காற்றளக்கிற கம்பத்தில் ஏறி வயிறு கழுவுகிறவன், ஏறுகிற நாளில் காற்று அடங்கட்டும் என்றல்லவா வேண்டுவான்? இத்தனை வருஷமும் அப்படித்தான் வேண்டினான். இன்றைக்கு எல்லாம் தலைகீழ். ஜீப்பின் முன்பக்க மூலையில் நின்றபடி கையை உயர்த்தி, கைமீட்டரைக் காற்றுக்கு நேராகப் பிடித்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்தான், அதன் குட்டிச் சக்கரம் சுற்றுவதே கண்ணுக்குத் தெரியவில்லை. பதினொன்று. வினாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் போனால் கம்பத்தில் ஏறக் கூடாது என்பது விதி. ஏறுகிறவன் கையிலிருக்கிற மீட்டர் சொல்வதே முடிவு என்பது இன்னொரு விதி. “பதினொண்ணு, மேடம்,” என்றான். குரலில் இருந்த நிம்மதி அவனுக்கே கூச்சமாக இருந்தது. ஜீப்புக்குள் லேப்டாப்பை மடியில் வைத்திருந்த இன்ஜினியர் தமயந்தி தலையை மட்டும் வெளியே நீட்டி, “பரவால்லீங்கண்ணா, வெயில் இறங்கட்டும், காத்தும் இறங்கீருமுங்க,” என்றாள். பொள்ளாச்சிப் பெண். எதற்கும் முகம் சுளிக்காத பெண். இறங்கீருமுங்க என்று அவள் சொன்னதைக் கேட்டு அவன் மீட்டரை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான்.

கம்பம் எதிரே நின்றது. அண்ணாந்து பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தான். செம்மணல் தேரி முடிந்து வெள்ளை மணல் தொடங்குகிற இடத்தில், ஏணிபோலப் பின்னிய இரும்பு, மேலே போகப் போக மெலிந்து, கடைசியில் ஒரு கோடாகி வானத்தில் கலந்திருந்தது. நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள் காற்றில் ஓயாமல் முனகின. இந்தக் கரையில் மின்சாரம் எடுக்கிற காற்றாடி நடலாமா என்று ஒரு கம்பெனி யோசிக்கிறது. நடுவதற்கு முன்னால் ஒரு முழு வருஷம் காற்றை அளந்து பார்க்க வேண்டும், எந்த மாசத்தில் எவ்வளவு, எந்தத் திசையில், எந்த உயரத்தில் என்று. அதற்காகக் கம்பத்தின் அடியில், நடுவில், உச்சியில் என்று, கிண்ணங்கள் காற்றில் சுழலுகிற மூன்று மீட்டர்கள், கப்பு என்பார்கள். மேலே போகப் போகக் காற்று கூடத்தான் வேண்டும். ஆனால் இந்த மாசம் உச்சிக் கப்பு நடுக் கப்பைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கிவிட்டது. உப்புக் காற்று உள்ளே புகுந்து அதன் பேரிங்கைத் தின்றுவிட்டது. இப்போதே மாற்றினால் மிச்சமிருக்கிற கச்சான் பருவத்தைக் கணக்கில் பிடித்துவிடலாம், விட்டால் அடுத்த வருஷம்தான். புதுக் கப்பு பஞ்சுப் பெட்டிக்குள் ஜீப்பின் பின்சீட்டில் கிடந்தது, பெற்ற பிள்ளையைப்போல் தமயந்தி அதற்கு நிழல் பார்த்து வைத்திருந்தாள். ஏறி மாற்ற வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் தாணு. இன்னொருத்தன் லிகோரி, அந்தா, உடைமரத்தின் கீழே துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விடுகிறானே, அவன்தான். கொடுத்து வைத்த சென்மம்.

தூங்குகிறானா, தூங்குவதுபோல் கிடக்கிறானா? போன மாசத்திலிருந்து தாணுவை அரிக்கிற கேள்வியே இதுதான், வேறு வேறு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. அன்றைக்குப் பார்த்தானா, பார்க்கவில்லையா? பார்த்திருந்தால் ஏன் கேட்கவில்லை? கேட்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம். அப்படி நினைத்து மனசை உட்கார வைத்தால் மறுகணமே அது எழுந்துகொள்ளும். அன்றைக்கு ராமநாதபுரம் பக்கம், இதைப்போலவே ஒரு கடற்கரைக் கம்பம். நல்ல காலை நேரம், காற்று இல்லை, ஒன்றும் இல்லை. இடுப்புப் பெல்ட்டிலிருந்து இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றி மேலே மாட்டினால்தான் மற்றதைக் கழற்றலாம். எந்த நேரமும் ஒன்றாவது இரும்பைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். மூச்சு விடுவதற்கு யாராவது யோசிப்பார்களா? அதுபோலத்தான் அவன் கைக்கு அது. டக், டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்தில் மனசு எங்கெங்கோ போய் வரும். அன்றைக்குப் பாதிக்கு மேல் போனபிறகு என்னமோ ஒரு அமைதி தட்டியது. நல்ல அமைதி. கடல் பச்சையாக விரிந்து கிடந்தது, ஒரு வள்ளம் தெரிந்தது. டக் சத்தம் கேட்கவில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. குனிந்து பார்த்தான். இரண்டு கொக்கியும் தொடைக்குப் பக்கத்தில் சும்மா ஆடிக்கொண்டிருந்தன. எவ்வளவு தூரம் அப்படி ஏறினான்? அது இன்றுவரை தெரியவில்லை. தலை சுற்றவில்லை, கால் நடுங்கவில்லை, பயமே வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. கைக்கு மறந்துபோயிற்று. அவ்வளவுதான். கீழே, தன் கால்களுக்கு நேர் கீழே, லிகோரி பாட்டுப் பாடிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தான்.

மறதி யாருக்குத்தான் இல்லை? வீட்டில் மனைவி உலகம்மை அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்க் கதை பேசுகிறாள், அதற்கு என்ன சொல்வது? இப்படித்தான் அவன் சமாதானம் சொல்லிக்கொள்வான். ஆனால் பால் பொங்கினால் அடுப்பைத் துடைத்தால் போதும். ராமநாதபுரத்துக்குப் பிறகு தன் தலையைத் தானே சோதித்துப் பார்க்கிற ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. இப்போதுகூட, வாயில் கரகரத்த மணலைத் துப்பிவிட்டு, நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினான், மனசுக்குள். வெள்ளமடம், தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு. கண்டக்டர் விசில்கூடக் கேட்டது. பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி. நாங்குநேரிக்கு அப்புறம்? அப்புறம் ஒன்று உண்டே. வலது பக்கம் ஒரு டீக்கடை, மழைக்காலத்தில் குளத்தில் நாரைகள் வந்து இறங்குமே. ஊர் கண் முன்னால் நிற்கிறது, பேர் மட்டும் வர மாட்டேன் என்கிறது. விடு, யாருக்கு வேண்டும் அந்தப் பேர்? யாருக்கும் வேண்டாம். ஆனால் வேண்டும். நாங்குநேரியிலேயே பஸ் நின்றுவிட்டது, இறங்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. பையிலிருந்த போன் தொடையில் கனத்தது. அவன் ஏறுகிற நாளில் உலகம்மை போன் பண்ண மாட்டாள். ஒரு தடவை அந்தரத்தில் இருக்கும்போது மணி அடித்து அவன் பதறியதிலிருந்து அப்படி. கீழே வந்து அவன்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை, “எறங்கியாச்சு.” அதுவரை போனைக் கையிலிருந்து இறக்காமல், அதே சமயம் போனையே பார்க்காததுபோல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். இதை மகள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். காற்று அடங்கிய பிறகுதான் ஏறுவோம், இறங்க ரொம்ப நேரமாகும் என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் வந்தான், இருந்தாலும் இப்போதும் உரித்துக்கொண்டிருப்பாள், பாவம். இன்றைக்கு வீட்டில் எத்தனை வெங்காயமோ.

சொல்லிவிட்டால் என்ன? வாயைத் திறந்து, லே லிகோரி, இப்படி ஆகிப்போச்சுடே என்று சொன்னால் என்ன? சொன்னால் நாளையிலிருந்து கம்பம் கிடையாது. ஸ்டோரில் உட்கார்ந்து கயிறு எண்ணலாம், ஜீப் ஓட்டலாம், சோறு போடாதா என்றால் போடும். ஆனால் ஏறுகிற தாணு என்றுதானே தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிவரை நாலு பேருக்கு அவனைத் தெரியும். மேலே போய் நின்றால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் பனைமரமெல்லாம் கோரைப்புல் மாதிரி கிடக்கும். அந்தக் காற்று கீழே வராது. கீழே வருவது மண்ணையும் மரத்தையும் உரசித் தேய்ந்த காற்று. மேலே இருப்பதற்கு வாசனையே கிடையாது, சுத்தமாக வந்து முகத்தில் மோதும். அதை விட்டுவிட்டு ஸ்டோரில் போய் உட்கார். ஐயோ. சொல்லாமல் ஏறினால்? ஒன்றும் ஆகாது, ஒரு தடவை நடந்தது மறு தடவை நடக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது, இன்னும் கவனமாக இருந்தால் போயிற்று. கவனமாக இருப்பதற்கும் ஒரு தலை வேண்டுமே. நாங்குநேரிக்கு அப்புறம் எந்த ஊர் என்று சொல்ல முடியாத தலை. மேலே அவன், அவனுக்குக் கீழே லிகோரி. விழுகிறவன் தனியாக விழ மாட்டான். லிகோரிக்குச் சின்னப் பிள்ளைகள். பரதவ வீட்டில் பிறந்துவிட்டு வள்ளத்தில் ஏறினால் குடல் வெளியே வர வாந்தி எடுக்கிறவன், அந்தரத்தில் தொங்கவிட்டால் பாட்டுப் பாடுகிறவன். முதன்முதல் கயத்தாறில் இரண்டு பேரும் கம்பத்தில் கால் வைத்தபோது லிகோரி முதல் படியைத் தாண்டாமல் நின்றுவிட்டான். அதை மறைக்க, “அண்ணாச்சி, ஏறினா எறங்குவியளா?” என்று கேட்டான். “எறங்காம எங்கடே போக?” என்றான் தாணு. அன்றைக்குச் சிரிப்புக்குச் சொன்னது, அப்படியே பழக்கமாகிவிட்டது. பெல்ட்டை ஒருத்தருக்கொருத்தர் இழுத்துப் பார்த்து, கடைசியில் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் ஆனால்தான் முதல் படியில் கால் வைப்பார்கள். அதைக் கேட்காமல் இருந்துவிட மாட்டானா இன்றைக்கு?

மறுபடியும் கை உயர்ந்தது. மறுபடியும் பத்துக்கு மேல். “இன்னும் இருக்கு, மேடம்.” இந்தத் தடவை தமயந்தி லேப்டாப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏனுங்கண்ணா, அடிக் கப்பு ஏழுதான் காட்டுதுங்க. நீங்க தரையில நின்னுட்டுப் பத்துக்கு மேலங்கறீங்க. மேல இருக்கறது ஏழு, கீழ இருக்கறது பத்துன்னா எப்படிங்க?” அவன் கைமீட்டரைத் தாழ்த்தினான். அவளே மேலே பேசினாள், கவலையோடு, தனக்குத் தானே பேசுகிறவள்போல். “அப்ப அடிக் கப்பும் போச்சுங்களா? ரெண்டும் போச்சுன்னா நடுக் கப்பை மட்டும் எப்படி நம்பறது? மூணு மாசக் கணக்கையும் சந்தேகத்துல எடுத்து வெக்கோணுமுங்க.” அப்போதுதான் தாணு தன் கால்களைக் குனிந்து பார்த்தான், முன்பு கொக்கிகளைப் பார்த்ததுபோல. ஜீப்பின் மூலைக்கு ஒட்டி, பானெட்டுக்கும் மணல்மேட்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் அவை நின்றுகொண்டிருந்தன. குறுகிய சந்தில் காற்று முண்டியடித்துக்கொண்டு வேகம் கூட்டும். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும், தெருமுனையில் சேலை பறக்கிற இடம் எல்லோருக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதா? கம்பத்தின் இரும்பே காற்றை வளைத்துக் கணக்கைக் கெடுத்துவிடும் என்றுதானே ஒவ்வொரு கப்பையும் நீளமான குழாயில் தள்ளி வைத்து, முழம் போட்டு அளந்து, திருப்பித் திருப்பிப் பார்த்து மாட்டுகிறான்? மதியத்திலிருந்து அவன் அந்த மூலையை விட்டு நகரவே இல்லை. யோசித்துப் போய் நிற்கவில்லை, கால் தானாகப் போய் நின்றுகொண்டது. கைக்கு மறந்தது ஒரு பக்கம், காலுக்குத் தெரிந்தது இன்னொரு பக்கம். நல்ல கூத்து. அந்தப் பெண் பாவம், பழுதில்லாத கப்பைப் பழுது என்று நினைத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“அடிக் கப்புக்கு ஒண்ணுமில்ல மேடம். நான் நின்ன எடம் செரியில்ல,” என்றான். ஜீப்பை விட்டு நடந்தான். உடைமரத்தைத் தாண்டி, மேடு பள்ளமில்லாத வெள்ளை மணலுக்கு வந்தான். பின்னால் கம்பம், முன்னால் கடல், இடையில் தடுக்க ஒன்றுமில்லை. கையை முழுசாக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சக்கரத்தைக் காற்றுக்குக் கொடுத்தான். ஆறு. பார்த்துக்கொண்டே நின்றான். ஐந்தரை. கச்சான் அடங்கிக்கொண்டிருந்தது, அவன் வேண்டுதலையெல்லாம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெயில் மஞ்சளாகிவிட்டது, கரையோரம் இரண்டு வள்ளங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. இழுவைக் கம்பிகளின் முனகல்கூட நின்றுவிட்டது. மூன்றடைப்பு. அட, மூன்றடைப்பு! நாங்குநேரிக்கு அப்புறம் மூன்றடைப்பு, டீக்கடை, குளம், நாரை. வந்துவிட்டது பேர். சந்தோஷமாக இருந்தது, ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டதுபோலவும் இருந்தது. பிறகு, மேலே நிற்கும்போது இவ்வளவு நேரம் கழித்து வந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றியது. “ஆறுக்குக் கீழ, மேடம். ஏறலாம்,” என்று சத்தமாகச் சொன்னான். தமயந்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. லிகோரி துண்டை உதறிக்கொண்டு எழுந்தான். எழுந்த விதத்தில் தூக்கக் கலக்கமே இல்லை.

பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்கள். தோள் வார், நெஞ்சு வார், தொடை வார். லிகோரி எதிரே வந்து நின்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். வழக்கமாக அந்த நேரத்தில் ஏதாவது கேலி பேசுவான், அண்ணாச்சிக்குத் தொப்பை வச்சுட்டு, அடுத்த வருசம் பெல்ட்டு பத்தாது என்பான். இன்றைக்கு இரண்டு கொக்கியையும் கையில் எடுத்து, அவற்றின் வாய் திறந்து மூடுகிறதா என்று பார்த்தான், மறுபடியும் பார்த்தான், விடவே இல்லை. கொக்கிகளைப் பிடித்தபடியே, “அண்ணாச்சி, ஏறினா எறங்குவியளா?” என்றான். தாணு வாயைத் திறந்தான். எத்தனை கம்பத்தடியில் சொல்லிய பதில், நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அதனால்தான் அதைச் சொல்ல முடியவில்லை. லிகோரியின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கிடந்த சிலுவையைப் பார்த்தான், உப்புப் பூத்த அவன் புருவத்தைப் பார்த்தான். “தெரியலடே மக்கா,” என்றான். சொன்ன பிறகு தன் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்று ஆச்சரியப்பட்டான்.

லிகோரி கொக்கிகளை விட்டான். ஹெல்மெட்டைக் கழற்றி மணலில் ஓங்கி அடித்தான். “போன மாசமே சொல்லிருக்க வேண்டாமாவே? ரெண்டு கொக்கியும் ஆடுது, நான் கீழ இருந்து பாத்துட்டே வாரேன். சத்தம் போட்டா நீரு பதறிருவீரு, பதறினா போச்சு. அந்தால பாட்டுப் பாடிட்டே வந்தேன்வே. செபத்தப் பாடினேனா, சினிமாப் பாட்டப் பாடினேனான்னு எனக்கே தெரியாது.” அவன் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. “நீரா சொல்லுவீருன்னு ஒரு மாசமாப் பாக்கேன். இன்னைக்கும் அந்தப் பதிலத்தான் சொல்லிருந்தீர்னா, எம்பிள்ளையள் மேல ஆண, நான் கால் வச்சிருக்க மாட்டேன்.” விடுவிடுவென்று கடலைப் பார்க்க நடந்தான். அலையில் கால் நனையும்வரை போனான். முகத்தைக் கழுவினான். திரும்பி வந்தான். வந்து, தொடை வார், நெஞ்சு வார், தோள் வார் என்று தாணுவின் பெல்ட்டைத் தன் கையாலேயே கழற்றினான். தாணு சிறுபிள்ளைபோல் கையைத் தூக்கிக் கொடுத்தான்.

தமயந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பஞ்சுப் பெட்டியை மூடினாள். மெதுவாக, “காத்து ஜாஸ்தி, அதனால ஏறலைன்னு எழுதிரட்டுங்களா அண்ணா? யாரும் எதும் கேக்க மாட்டாங்க,” என்றாள். நல்ல மனசு. அவன் அண்ணாந்து பார்த்தான். உச்சிக் கப்பு அசைவதுகூடத் தெரியவில்லை. “வேண்டாம் மேடம். காத்து நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் முடியலைன்னு எழுதுங்க. லிகோரிகூட ஏற நாளைக்கு வேற ஆளு வரச் சொல்லுங்க, கச்சான் முடியறதுக்குள்ள மாட்டிரலாம்.” பிறகு போனை எடுத்தான். உலகம்மையின் பேரைத் தொட்டதும் முதல் மணி முழுசாக அடிக்கக்கூட இல்லை, எடுத்துவிட்டாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, அவள் எப்போதும் அப்படித்தான், அவன் சொல்லுகிறவரை பேச மாட்டாள். “எறங்கியாச்சு,” என்றான். அவள் நீளமாக மூச்சு விட்டாள். விட்டுவிட்டு, “என்னா இது, இன்னைக்கு இவ்வளவு சீக்கிரமா?” என்றாள்.